பேனாவைப் பார்க்கும் முன் கடையைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மைப்பேனா கட்டுரையைப் படித்தேன். நிறைவாக இருந்தது. ஆனால் நல்ல பேனா வேண்டுமென்றால் வெளிநாட்டு இணையக் கடைகளில் மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரியை நம்பி யாராவது பதினைந்தாயிரம், இருபதாயிரம் போட்டு ஆர்டர் செய்யப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானே ஜப்பானிலிருந்து வரவழைத்த பைலட் கஸ்டம் 74-இல்தான் தினமும் எழுதுகிறேன், அதைக் கையில் எடுத்தாலே இன்னும் ஒரு பக்கம் எழுதலாம் என்று தோன்றும். ஆனால் திரையில் தெரியும் விலை வேறு, பேனா வீட்டுக்கு வந்து சேரும்போது ஆகும் விலை வேறு. ஜப்பானில் 10 சதவீத நுகர்வு வரி, பிரிட்டனில் 20 சதவீத வாட் என்று அந்த நாட்டு வரி திரை விலையில் சேர்ந்திருக்கலாம். ஏற்றுமதிக்கு இவை கிடையாது என்பதால் இந்திய முகவரி கொடுத்ததும் பில்லில் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன் கடைக்கு எழுதிக் கேளுங்கள். அப்புறம் நம் பக்கம் சுங்க வரி, இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி. இது பேனா விலைக்கு மட்டும் போடுவதல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்து அதன் மேல் போடுவது. கூரியரில் வந்தால் வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்கு அவர்கள் தனியாக ஒரு கட்டணம் கேட்பதும் உண்டு, ஆதாரோ பான் கார்டோ கேட்டு மெயில் வரும், அதைப் பார்க்காமல் விட்டால் பார்சல் அங்கேயே கிடக்கும். 'பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்' என்று இன்னும் சிலர் யோசனை சொல்கிறார்கள். பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகையை 2019 கடைசியிலேயே எடுத்துவிட்டார்கள், தவிர அது பொய்க் கணக்கு, செய்யாதீர்கள்.

பணத்தைவிட முக்கியம் நிப்பு. நிப்பு எவ்வளவு தடிமனாகக் கோடு போடும் என்பதை ஃபைன் (மெல்லியது), மீடியம் (நடுத்தரம்) என்று குறிப்பார்கள். ஐரோப்பிய பேனாவில் ஃபைன் என்று போட்டிருப்பதும் ஜப்பான் பேனாவில் ஃபைன் என்று போட்டிருப்பதும் ஒன்றல்ல, ஜப்பான் நிப்பு பொதுவாக ஒரு சுற்று மெல்லியது. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கோடு போட்ட நோட்டில் சின்னதாக எழுதும் கை என்றால், ஐரோப்பிய மீடியத்தில் ண, ணை, ஞ எல்லாம் சுழி அடைத்துக்கொண்டு மைப்பொட்டாக நிற்கும். வெளிநாட்டு விமர்சனங்களில் மீடியம் அருமை என்று எழுதியிருப்பார்கள், அவர்கள் எழுதிப் பார்ப்பது ஆங்கில எழுத்தை. அதேபோல் தங்க நிப்பு என்றாலே வழுக்கிக்கொண்டு போகும் என்பதும் சரியில்லை. 14 காரட்டோ 21 காரட்டோ, தாளைத் தொடுவது தங்கம் அல்ல, நுனியில் ஒட்டியிருக்கும் கடினமான உலோகப் பொட்டு. அந்தப் பொட்டை ஒழுங்காகத் தேய்த்திருந்தால் ஸ்டீல் நிப்பும் அருமையாக எழுதும்.

என் அனுபவம் ஒன்று. ஐரோப்பாவில் ஒரு கடையிலிருந்து வரவழைத்த பேனா, பெயர் வேண்டாம், பெட்டியும் துணிப்பையும் அவ்வளவு அழகு. எழுதினால் கீழ்நோக்கி இழுக்கும் கோடு சரியாக வரும், பேனா மேலே ஏறும்போதெல்லாம் தாளைக் கீறும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிப்பின் நடுப்பிளவுக்கு இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நின்றது. கடைக்கு எழுதினேன், மரியாதையாகத்தான் பதில் வந்தது: உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள். இங்கிருந்து அனுப்பும் செலவு, சுங்கப் படிவம், மாற்றுப் பேனா வரும்போது மறுபடி வரி கேட்பார்களோ என்ற பயம். கணக்குப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். கடைசியில் எங்கள் ஊரில் பழைய பேனாக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்தான் நகத்தால் லேசாக அழுத்திச் சமன்செய்து, பிளவில் மெல்லிய பித்தளைத் தகட்டை விட்டு இழுத்து, மை தொட்டு நாலு சுழி சுழித்துப் பார்த்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், பேனாவைத் தேர்ந்தெடுக்கும் முன் கடையைத் தேர்ந்தெடுங்கள். அனுப்புவதற்கு முன் நிப்பை மையில் தொட்டு எழுதிப் பார்த்து, எழுதிய தாளையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பும் கடைகள் வெளிநாட்டில் இருக்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் அங்கே வாங்குங்கள். 'சின்ன எழுத்து எழுதுவேன், சுழி அதிகம்' என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். கன்வர்ட்டரையும், அதாவது புட்டியிலிருந்து மையை உறிஞ்சிப் பேனாவுக்குள் வைத்திருக்கும் குழாயையும், அதே பார்சலில் கேட்டுவிடுங்கள், பைலட் கம்பெனிப் பேனாவுக்குப் பைலட்டுடையதுதான் சேரும், பிளாட்டினம் கம்பெனிப் பேனாவுக்குப் பிளாட்டினத்துடையது. யார் வேண்டுமானாலும் பொருள் விற்கக்கூடிய பெரிய சந்தைத் தளங்களில் பாதி விலை என்று லாமி சஃபாரி என்ற ஜெர்மன் பேனா வந்தால் தள்ளியே இருங்கள், போலி ஏராளம்.

ஒரு வேண்டுகோள். திருவள்ளூரில் எபோனைட் என்ற கெட்டி ரப்பரைக் கடைந்து இன்றும் கையால் பேனா செய்கிறார்கள். அவர்களைப் பற்றியும், ஊருக்கு ஊர் மிச்சமிருக்கும் பேனா ரிப்பேர்க்காரர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள், கடை எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதோடு. வெளிநாட்டில் வாங்கிய பேனாவுக்கும் அவர்கள்தான் வைத்தியம் பார்க்கப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை