லிட் கிளாஸ்ல ஒரு கதை

மச்சி எப்படிடா இருக்க, கோயம்புத்தூர் போனதுலேருந்து ரெண்டு வரிக்கு மேல மெசேஜ் போட மாட்டேங்கிற, அதான் நானே நீளமா எழுதிரலாம்னு உக்காந்துட்டேன். வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்க, அம்மா உன்னைக் கேட்டாங்க.

செக் த்ரீல, அதான் உயர்நிலை மூணுல, நான் லிட் எடுத்திருக்கேன், இங்கிலீஷ் இலக்கியம். இந்த டேர்ம் நம்ம சிங்கப்பூர் எழுத்தாளர் கேத்தரின் லிம் எழுதின லிட்டில் ஐரனீஸ் ஓடுது, 1978ல வந்த சிறுகதை புக், ஆனா படிச்சா நம்ம அடுக்குமாடி புளோக்ல நடக்குற மாதிரியே இருக்குடா. அதுல தி டீச்சர்னு ஒரு கதை, ரொம்பச் சின்னது. ஒரு இங்கிலீஷ் வாத்தியார் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து ஒரு பொண்ணோட காம்போவ, அதான் அவ எழுதின கட்டுரைய, பக்கத்துல இருக்கவர்கிட்ட காட்டி கிராமர் இவ்ளோ மோசமா இருக்கேன்னு புலம்புறார், அவ தப்புத்தப்பா எழுதியிருக்கிறது பூரா அவ வீட்டுக் கஷ்டம், அது மட்டும் அவர் காதுல ஏறவே இல்ல. கடைசில அந்தப் பொண்ணு உயிரை விட்டுடுறா. அப்பவும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்கிறார்.

எங்க மிஸ் அந்தக் காம்போ வர்ற இடத்த ஒரு பையன சத்தமா படிக்கச் சொன்னாங்க, அவனும் தப்பெல்லாம் அப்படியே படிச்சான், பின்னாடி வரிசைல ஒரே சிரிப்பு. முடிவு வந்ததும் யாருக்கும் பேச்சே வரல. எழுதினவங்க அந்தத் தப்புகள அப்படியே அச்சுல வச்சதே அதுக்குத்தான்னு நினைக்கிறேன், படிக்கிற நாமளும் முதல்ல கிராமரத்தானே பாக்குறோம்.

அப்புறம் சரியான சண்டை. பாதி கிளாஸ் வாத்தியாருக்கு மனசே இல்லன்னு சொல்லுச்சு. என் பக்கத்துல உக்கார்ற பொண்ணோட அம்மா டீச்சர், அவ எந்திரிச்சு, எங்கம்மா வீட்டுக்கு ஒரு கட்டு நோட்டு தூக்கிட்டு வந்து ராத்திரி வரைக்கும் மார்க் பண்றாங்க, சிவப்புப் பேனாவ கையில எடுத்துட்டா கண்ணுக்குத் தப்பு மட்டும்தான் தெரியும், அவங்கள மட்டும் குத்தம் சொல்லாதீங்கன்னு சொன்னா. அவ சொன்னதுலயும் நியாயம் இருக்குடா. உடனே ஒரு மலாய்ப் பையன் கேட்டான், எந்தத் தலைப்பு குடுத்தாலும் அந்தப் பொண்ணு ஏன் வீட்டுக் கதையவே எழுதுறா, அவளுக்குச் சொல்ல வேற ஆளே இல்லையே, அந்த நோட்ட ஒருத்தர் கண்டிப்பா படிப்பார்னு நம்பித்தானே எழுதியிருக்கான்னு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. தனியா படிச்சப்ப இது எனக்குத் தோணவே இல்ல.

தமிழ் கிளாஸ்லயும் இப்படிப் பேசினா எவ்ளோ நல்லாருக்கும், அங்க கதைய முடிச்ச உடனே கருத்து என்னன்னு எழுதச் சொல்லிடுறாங்க, பேச நேரமே இல்ல. நாங்க நாலு பேர் ஐயாகிட்ட கேட்கப் போறோம், மாசத்துக்கு ஒரு கதையாவது உக்காந்து பேசலாம்னு.

நீ லீவுக்கு வரும்போது புக்கு தரேன், படிச்சிட்டு அந்த வாத்தியார் பத்தி நீ என்ன நினைக்கிறன்னு சொல்லு. உங்க ஸ்கூல்ல இங்கிலீஷ்ல என்ன கதை ஓடுது? இந்தத் தடவையாவது ரெண்டு வரில முடிச்சிடாதடா.