புது ரிங் போட்ட எஞ்சினும் ஆயில் குறைவதும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

“அங்கே வேலை எடுத்த எஞ்சின் ஆயில் குடிக்கிறது” என்று எங்கள் பட்டறையைப் பற்றி லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்கள் நடுவே ஒரு பேச்சு ஓடுகிறது. எங்கள் காதுக்கும் வந்தது. சுருக்கென்றுதான் இருந்தது. அதனால் இந்த ரிங் (பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் வளையம்) விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் ஏறி இறங்கும் புது உள்குழாய்க்குள், அதாவது லைனருக்குள், டார்ச் அடித்துப் பார்த்தால் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் கல் விட்ட தடம் அது. அந்தக் கோடுகளின் முகடு தேயத் தேயத்தான் ரிங் சுவரோடு படியும். படிந்த பிறகுதான் ஆயில் மேலே ஏறுவது நிற்கும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவதில் பெரும்பங்கு, டீசல் எரிந்து ரிங்கின் பின்னால் புகும் வாயுவின் அழுத்தத்துக்கு. லோடு இல்லாமல் ஐடிலிங்கில் மணிக்கணக்காக விட்டால் அந்த அழுத்தம் கிடைக்காது. சுவரில் ஆயில் கருகி, அரக்குப் பூசியதுபோல் பளபளப்பு ஏறிவிடும். அப்புறம் ரிங் வழுக்கிக்கொண்டே கிடக்கும். “புது எஞ்சின், பாவம், மெதுவாக ஓடட்டும்” என்று பொத்திப் பொத்தி வைத்தவைதான் நீலப்புகையோடு திரும்பி வருகின்றன. பிறகு மறுபடி ஹோனிங், மறுபடி ரிங்.

ஆகவே ஸ்டார்ட் செய்து, ஆயில் பிரஷர், கசிவு பார்த்து, எஞ்சின் சூடேறியதும் வேலைக்கு இறக்குங்கள். பாதி முதல் முக்கால் லோடு வரை, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். திணறத் திணற இழுக்க வைக்காதீர்கள். முதல் 50 மணி நேரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். படியும் வரை சிந்தெடிக் ஆயில் வேண்டாம்.

குறைகிற ஆயிலெல்லாம் ரிங் வழியாகவே போவதுமில்லை. இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஒரு குப்பென்ற நீலப்புகை வந்தால் வால்வின் தண்டு ஓடும் குழலை, அதாவது வால்வு கைடைப் பாருங்கள். பழைய டிராக்டரில் காற்றை ஆயிலில் வடிகட்டும் ஆயில் பாத் ஏர் கிளீனரில் குறிக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சிவிடும். லாரியில் ஏர் பிரேக் கம்ப்ரசர் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலில்தான் ஓடுகிறது. அதன் ரிங் தேய்ந்தால் ஆயில் ஏர் டேங்குக்குப் போய்விடும். டேங்கின் அடித்திருகைத் திறந்தால் கறுப்புக் குழம்பாக வடியும்.

எங்கள் பக்கக் குறையும் உண்டு. இதையெல்லாம் டெலிவரி அவசரத்தில் வாயால் சொன்னோம், எழுதித் தரவில்லை. இனி எழுதித் தருவோம். ரிங்கின் இரு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் உங்கள் முன்னாலேயே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டுக் காட்டுவோம்: 100 மி.மீ. சிலிண்டர் விட்டத்துக்குத் தோராயமாக 0.30 முதல் 0.45 மி.மீ. வரை, முடிவான அளவு அந்தந்த எஞ்சின் கையேட்டில் உள்ளபடி.

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் நேரே வந்து “என்ன ஆச்சு?” என்று கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த உரிமையை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். இன்னொரு செய்தி: எங்களிடம் டீசல் பம்ப், நாசில் வேலை பார்த்தவர் விலகிவிட்டதால் அந்த வேலை இப்போது வெளியே போய் வருகிறது. 4, 5 நாள் கூடும், கூலியும் சற்று ஏறும்.

ஆயில் குறைகிறது என்று வருபவர்கள், எத்தனை மணி அல்லது எத்தனை கி.மீ. ஓட்டத்துக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குறித்து எடுத்து வாருங்கள். லாரியானால் முதலில் ஏர் டேங்கைத் திறப்போம், எஞ்சின் ஹெட்டை அல்ல.

இப்படிக்கு,
பட்டறையார்