பாலத்தை மறித்தார்கள், ஆறு உறைந்திருந்தது

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்
மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நேற்று இங்கே மகளிர் தினம், அரசு விடுமுறை. மெட்ரோவில் பார்த்த ஆண்கள் எல்லோர் கையிலும் மஞ்சள் மிமோசாக் கொத்து. 1917இல் ஜார் ஆட்சி ஆட்டம் கண்டது இதே நாளில்தான். பூ வாங்குகிறவர்களுக்கு அது நினைவிருக்கிறதோ என்னவோ.

பத்தாம் வகுப்பில் ரஷ்யப் புரட்சிப் பாடம் நடத்தும்போது, பிப்ரவரிப் புரட்சி மார்ச்சிலும் அக்டோபர்ப் புரட்சி நவம்பரிலும் வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். காரணம் பழைய ஜூலியன் நாள்காட்டி. இருபதாம் நூற்றாண்டில் அது 13 நாள் பின்தங்கி ஓடியது. 1918 ஜனவரி 31க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று அறிவித்து அதைச் சரிசெய்தார்கள். நான் இங்கே எழுதுவது பழைய தேதிகள். அவற்றோடு 13ஐக் கூட்டிக்கொள்.

அதைவிடப் பெரிய குழப்பம் வேறு. ஜாரை லெனின் கவிழ்த்தார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜார் விழுந்தபோது லெனின் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இருந்தார். பாரதி ‘ஆகாவென்று எழுந்தது’ என்று பாடியதுகூட ஜாரின் வீழ்ச்சியைத்தான், அக்டோபரை அல்ல. முடியாட்சியைச் சாய்த்தவை ரொட்டி வரிசையும், ரயிலும், சுட மறுத்த சிப்பாயும். எட்டு மாதம் கழித்துத்தான் லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகள் அதிகாரத்தைக் கையில் எடுத்தார்கள். இதை வகுப்பில் அழுத்திச் சொல்.

முதலில் ரொட்டி. இங்கே தினசரிச் சாப்பாடு ரை மாவில் செய்யும் கறுப்பு ரொட்டி. நம் தோசை மாவைப் போலப் புளிக்கவைத்துச் சுடுவது. 1917இல் நாட்டில் தானியம் இல்லாமல் போகவில்லை. முதல் உலகப் போரில் எதிரணியிலிருந்த துருக்கி, கருங்கடலிலிருந்து வெளியே போகும் நீரிணைகளை அடைத்துவிட்டதால் ஏற்றுமதிகூட நின்றிருந்தது. ஆனால் தொழிற்சாலைகள் எல்லாம் போருக்கே உழைத்தன. கலப்பைக்கோ துணிக்கோ ஆணிக்கோ வழியில்லை, அச்சடித்த நோட்டுக்கு மதிப்பும் இல்லை. அரசு நிர்ணயித்த விலைக்கு விற்று என்ன வாங்குவது என்று குடியானவன் தானியத்தைப் பதுக்கினான். மிஞ்சியதை ஏற்றிவர ரயில் வேண்டும். போருக்கு முன், அன்றைய தலைநகரான இந்த ஊருக்கு நிலக்கரி பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பால்டிக் கடல் அடைபட்டதும் அதைத் தெற்கே டொன்பாசிலிருந்து ரயிலில் கொண்டுவர வேண்டியதாயிற்று. படைக்கான சரக்கும் அதே தண்டவாளத்தில். அந்த ஆண்டின் கடுங்குளிரில் எஞ்சின்கள் பழுதாகி நின்றன, பாதையைப் பனி மூடியது. பேக்கரிக்கு மாவு வந்த நாளில் அடுப்புக்கு விறகு இருக்காது. இதற்கிடையில் ரேஷன் வரப்போகிறது என்று வதந்தி கிளம்பியது. கிடைத்த ரொட்டியை எல்லாம் வாங்கி, காயவைத்து ‘சுகாரி’யாகச் சேர்த்தார்கள். கடை இன்னும் சீக்கிரம் காலியானது.

பிப்ரவரி 22இல் புத்திலோவ் ஆலை கதவடைப்புச் செய்தது. மறுநாள், வியாழக்கிழமை, மகளிர் தினம். வடகரையில் வீபோர்க் பகுதியின் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். உலோக ஆலை ஆண்களை ‘வெளியே வாங்க’ என்று அழைத்ததும் அவர்களே. கட்சிகளின் தலைவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை.

இந்த இடத்தில் கரும்பலகையில் ஒரு படம் போடு. நடுவே நேவா ஆறு, வடக்கே ஆலைகள், தெற்கே நெவ்ஸ்கி வீதியும் அரண்மனையும், இரண்டையும் இணைப்பது லித்தேய்னி பாலம். போலீஸ் பாலத்தை மறித்தது. வெயில்காலமாக இருந்தால் கூட்டம் அங்கேயே நின்றிருக்கும். ஆறு உறைந்து கிடந்ததால் தொழிலாளர்கள் பனிக்கட்டி மீது நடந்தே தெற்கே போய்விட்டார்கள். இந்தக் குளிர்காலத்திலும் நடக்காதே என்ற எச்சரிக்கையைத் தாண்டி ஆற்றின் மேல் நடக்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்தால் அந்த நாள் சட்டென்று விளங்கிவிடும்.

மூன்றாம் நாள் ஊரே வேலைநிறுத்தத்தில். மொகிலியோவ் படைத் தலைமையகத்திலிருந்த ஜார் இரண்டாம் நிக்கோலாய், கலவரத்தை நாளையே அடக்கு என்று ஊரின் படைத்தளபதி கபாலோவுக்குத் தந்தி அடித்தார். 26, ஞாயிறு, ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் சுட்டார்கள். (இன்று அதன் பெயர் எழுச்சிச் சதுக்கம். மெட்ரோ நிலையமும் அதே பெயரில்.) சுட்டவர்கள் வொலின்ஸ்கி படைப்பிரிவினர். மறுநாள் காலை, இனிச் சுட மாட்டோம் என்று அதிகாரியைக் கொன்றுவிட்டு வெளியேறியதும் அவர்களேதான். ஊரிலிருந்த ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட படையினர் பெரும்பாலும் புதிதாகச் சேர்த்த குடியானவர்களும், காயம் ஆறி மீண்டும் போர்முனைக்குப் போகப் பயந்தவர்களும். தேர்ந்த காவல்படை போரின் முதல் ஆண்டுகளிலேயே அழிந்திருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆயுதக்கிடங்கு மக்கள் கையில்.

ஜார் ரயிலேறினார். தண்டிக்கப் போகும் படைக்கு நேர்ப்பாதையை விட்டுக்கொடுத்து, தான் சுற்றுப்பாதையில் வந்தார். மாலயா விஷேராவில், மேலே போகும் பாதை கிளர்ச்சியாளர் கையில் என்று சொல்லித் திருப்பினார்கள். ‘த்னோ’ என்ற சந்திப்பு வழியாக ப்ஸ்கோவ் சேர்ந்தார். த்னோ என்றால் ரஷ்ய மொழியில் ‘அடித்தளம்’. அதற்குக் கீழே போக இடமில்லை! தளபதி அலெக்ஸேயேவ் போர்முனைத் தளபதிகளிடம் தந்தியில் கருத்துக் கேட்டார். விலகிவிடுங்கள் என்று பதில் வந்தது. மார்ச் 2 இரவு, ரயில்பெட்டிக்குள், பென்சிலால் கையெழுத்திட்டார். முதலில் மகன் அலெக்ஸேய்க்கு விட்டுத்தருவதாக இருந்தார். ரத்தம் உறையாத நோய் தீராது என்று மருத்துவர் சொன்னதும் தம்பி மிகயீலின் பெயரை எழுதினார். மகனுக்காகவும் சேர்த்துத் துறக்க 1797ஆம் ஆண்டின் வாரிசுச் சட்டத்தில் இடமே கிடையாது. மிகயீலும் மறுநாள் ஏற்க மறுத்தார். 1613இல் தொடங்கிய ரொமானவ் வம்சம் அத்தோடு சரி.

அதன்பின் தவ்ரீதா அரண்மனையின் ஒரு சிறகில் தூமா என்ற நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள், மறு சிறகில் தொழிலாளர், சிப்பாய்களின் பிரதிநிதிகள் கூடிய சபையான சோவியத். இடைக்கால அரசு அமைந்தது முதல் சிறகிலிருந்து. துப்பாக்கி இருந்தது இரண்டாவதில். மார்ச் 1இல் சோவியத் வெளியிட்ட ‘முதலாம் ஆணை’யைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல். ஒவ்வொரு படைப்பிரிவிலும் தேர்ந்தெடுத்த குழு, ஆயுதம் அந்தக் குழுவின் பொறுப்பில். ‘மேன்மை தங்கிய’ என்ற விளிகள் ஒழிந்தன. சிப்பாயை ‘நீ’ என்று அதிகாரி கூப்பிடக் கூடாது. நம் மொழியைப் போலவே ரஷ்யத்திலும் நீ, நீங்கள் இரண்டும் உண்டு. அதிகாரம் கைமாறியதை அந்த ஒரு சொல் காட்டுகிறது.

லெனின் ஜெர்மனி வழியே ரயிலில் வந்து ஏப்ரல் 3இல் பின்லாந்து நிலையத்தில் இறங்கினார். இடைக்கால அரசு செய்த பெரிய பிழை போரைத் தொடர்ந்ததுதான். ஜூன் தாக்குதல் தோற்றது. நிலப்பங்கீட்டையும் தேர்தலையும் தள்ளிப்போட்டார்கள். அமைதி, நிலம், ரொட்டி என்று போல்ஷெவிக்குகள் சுருக்கமாகப் பேசினார்கள். ஆகஸ்டில் தளபதி கர்னீலவ் தலைநகரை நோக்கிப் படையோடு கிளம்பியபோது அவரைத் தடுக்கத் தொழிலாளர்களுக்கு ஆயுதம் கொடுக்கப்பட்டது. கேட்டு வாங்கிய பிறகு அதை யார் திருப்பித் தருவார்?

அக்டோபர் 24இல் பார், மறுபடி பாலம். இம்முறை ஆற்றில் தண்ணீர் ஓடியது. அதனால் பாலங்களைத் தூக்கிவிடு என்று அரசு கட்டளையிட்டது. போல்ஷெவிக்குகள் பக்கம் ஆயுதமேந்திய தொழிலாளர்களான செங்காவலர்கள் பாலங்களைக் கைப்பற்றினார்கள். அவர்கள் பக்கம் சேர்ந்த அவ்ரோரா போர்க்கப்பல் நிக்கலாயெவ்ஸ்கி பாலத்தருகே வந்து நின்றது. தந்தி நிலையம், ரயில் நிலையங்கள், அரசு வங்கி, தொலைபேசி நிலையம் என்று விடிவதற்குள்ளும் விடிந்தும் ஒவ்வொன்றாக விழுந்தன. இடைக்கால அரசின் பிரதமர் கெரென்ஸ்கி காலையில் காரேறிப் போய்விட்டார். இரவு சுமார் 9.40க்கு அவ்ரோரா சுட்டது வெற்று வேட்டு. இடைக்கால அரசு இருந்த குளிர்கால அரண்மனையில் நடந்த சண்டை படங்களில் வருமளவு பெரியதல்ல, உயிரிழப்பும் குறைவு. அதிகாலை இரண்டு மணிவாக்கில் சிறிய உணவறையில் அமைச்சர்களைக் கைது செய்தார்கள். அங்கே 2.10இல் நிறுத்திவைத்த கடிகாரத்தை 2017இல்தான் மறுபடி ஓடவிட்டார்கள்.

அரசியல் நிர்ணய சபைக்கு நவம்பரில் நடந்த தேர்தலில் போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய கால்பங்கு வாக்கு. அந்தச் சபையை 1918 ஜனவரியில் ஒரே கூட்டத்தோடு கலைத்தார்கள். ஜூலையில் யெகத்தெரின்புர்கில் ஜார் குடும்பத்து ஏழு பேரையும் பணியாளர் நால்வரையும் சுட்டுக்கொன்றார்கள். ரொட்டியோ இன்னும் அருகியது. இருபது லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊரில் 1920இல் எஞ்சியவர்கள் ஏழு லட்சத்துச் சொச்சம்.

கறுப்பு ரொட்டி எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டிருந்தார்கள். முழு ரொட்டியைப் பார்சலில் அனுப்பினால் வந்து சேர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். விரலளவு துண்டுகளாக நறுக்கி, ஓவனில் மிதமான சூட்டில் நன்றாகக் காயவைத்த சுகாரி அரைக்கிலோ அனுப்புகிறேன். தேநீரில் நனைத்துத் தின்னும்படி அப்பாவிடம் சொல், பல்லுக்கு ரொம்பக் கடினம்.

அன்புடன்,
அக்கா