விளக்கு எரியாத ஆம்ப்ளிஃபயர்: மகளுக்கு ஒரு கடிதம்

வில்லிவாக்கம்,
சென்னை.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் காரின் பாட்டு செட்டில் ஊஃபர், அதாவது அடித்தொனி ஸ்பீக்கர், பாடவில்லை என்று நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். இது வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒன்றைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டிய வேலை. வாயால் சொன்னால் வரிசை குழம்பிவிடும் என்பதால் தாளில் எழுதுகிறேன். இதை டிக்கியில் விரித்து வைத்துக்கொண்டே செய்.

கடைக்காரர் டிக்கியைத் திறந்து, ஊஃபருக்குச் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது, புதிது போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னதாகச் சொன்னாய். மீட்டர் வைத்துப் பார்த்தாரா என்று நான் கேட்டதற்கு, இல்லை என்றாய். அளந்து பார்க்காமல் சொன்ன முடிவை நீ ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 32 ஆண்டுகள் ரயில் பெட்டிகளுக்கு ஒயரிங் செய்தவன் நான். நாங்கள் ஒயரிங் செய்த பெட்டிகளில் ஓடியது 110 வோல்ட் டி.சி.; உன் காரில் ஓடுவது 12 வோல்ட் டி.சி. அளவுதான் வேறே தவிர, இரண்டின் குணமும் ஒன்றுதான். ஒரு மின்விசிறி சுற்றவில்லை என்று புகார் வந்தால், விசிறியைக் கழற்றுவது எங்களுக்குக் கடைசி வேலையாக இருந்தது. மின்சாரம் அதற்குப் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தது திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. கோளாறு ஒயரில் இருந்தால், நீ ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் புதிய ஆம்ப்ளிஃபயரும் இதே இடத்தில் இதே போல இருட்டாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

நீ சொன்ன அடையாளங்களே எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டன. முன்னால் செட் ஓடுகிறது, கதவு ஸ்பீக்கர்கள் பாடுகின்றன, ஊஃபர் மட்டும் ஊமையாக இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்திருந்தால், அது உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு ஆபத்தைக் கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்பீக்கர் ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனாலும் அப்படி எரியும். எந்த விளக்குமே இல்லை என்றால், அதற்குச் சோறே போகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சோறு மூன்று ஒயர்கள் வழியாகப் போகிறது. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாக டிக்கி வரை வரும் தடித்த சிவப்பு ஒயர் ஒன்று. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வண்டியின் இரும்பு உடம்புக்குப் போகும் தடித்த கறுப்பு எர்த் ஒயர் ஒன்று. செட்டின் பின்னாலிருந்து வரும் மெல்லிய நீல ஒயர் ஒன்று. அதில் வெள்ளைக் கோடு இருக்கும். செட்டைப் போட்டதும் அந்த நீல ஒயரில் 12 வோல்ட் வந்து ஆம்ப்ளிஃபயரை எழுப்பும். செட்டை அணைத்ததும் தூங்க வைக்கும். அது இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்துவிடும். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான் என்பதால், பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

தொடங்குவதற்கு முன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வா. என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பை நீ சிறுவயதில் தடவிப் பார்த்துக் கேட்டபோது, வெந்நீர் பட்டது என்று சொல்லியிருக்கிறேன். பாட்டி பக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொன்னேன். ஒரு நண்பரின் காரில் பேட்டரி பிளஸ்ஸை முடுக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவில் என் எஃகுக் கடிகாரச் சங்கிலி பட்டது. கண் இமைப்பதற்குள் சங்கிலி பழுத்துவிட்டது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கார் பேட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது, அது சுடும். ஆகையால் ஒயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பேட்டரியின் மைனஸ்ஸை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. அளக்கும்போது மட்டும் அது மாட்டியிருக்கட்டும்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வை. சிவப்பு முனை 'வி' என்று எழுதிய துளையில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார். 10 ஆம்பியர் துளையில் இருந்தபடி பேட்டரியில் வைத்தால் அது ஷார்ட் அடித்ததற்குச் சமம். முதலில் பேட்டரியையே அள. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு 12.6 காட்டினால் நிறைந்த பேட்டரி, 12.0 என்றால் பெரும்பாலும் காலி. இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறும். இதை முதல் எண்ணாக எழுதிக்கொள்.

அடுத்தது பானெட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ். நம் வண்டியில் இருப்பது அரை விரல் நீளக் கண்ணாடி ஃபியூஸ், 60 ஆம்பியர். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே தகடு அறுபடவில்லை, நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்த வகையில் தகடு முழுதாக இருக்கும்போதே, அது முனையிலுள்ள உலோகத் தொப்பியோடு சேரும் ஈயம் விட்டுப்போவது உண்டு. அது தொப்பிக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ்ஸில் வைத்து, சிவப்பு முனையால் ஃபியூஸின் இரண்டு பக்கமும் அள. ஒரு பக்கம் 12.6, மறுபக்கம் பூஜ்யம் என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. புதிய ஃபியூஸ் போட்டதும் அதுவும் போய்விட்டால் நிறுத்திவிடு. எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போடுவதோ, அதில் அலுமினியத் தாள் சுற்றுவதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அந்தச் சிவப்பு ஒயர் உன் இருக்கைக்குக் கீழே கம்பளத்துக்குள் ஓடுகிறது. ஃபியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும்.

இனி டிக்கிக்கு வா. இங்கேதான் மீட்டர் மட்டும் போதாது என்பதை உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் மின்சாரத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஒயரின் நூறு இழைகளில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12.6 என்றே காட்டும். நீயும் மின்சாரம் வருகிறது என்று நினைத்து ஆம்ப்ளிஃபயரின் மீது பழியைப் போடுவாய். அதனால் ஒரு பிரேக் லைட் பல்பை ஹோல்டரில் போட்டு, இரண்டு ஒயர் இழுத்து அனுப்புகிறேன். 21 வாட் பல்பு அது. எரிவதற்கு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் எடுக்கும். ஆம்ப்ளிஃபயரில் '12 வோல்ட் பிளஸ்' என்றும் 'ஜி.என்.டி.' (எர்த்) என்றும் அச்சிட்ட இரண்டு திருகுகளுக்கு நடுவில் அந்தப் பல்பைத் தொடு. பளிச்சென்று எரிந்தால் சிவப்பும் கறுப்பும் சுமை தாங்குகின்றன. மங்கினாலோ, எரியாவிட்டாலோ, மீட்டர் என்ன சொன்னாலும் ஒயரில்தான் கோளாறு. எங்கள் தொழிற்சாலையில் மூத்தவர்கள் மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பல்பைத்தான் எடுப்பார்கள்.

பல்புச் சோதனைக்கு முன் செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயரில் சொருகியிருக்கும் ஆர்.சி.ஏ. கேபிளைப் பிடுங்கிவிடு. எர்த் சரியில்லாதபோது மின்சாரம் சும்மா இருக்காது. அந்தக் கேபிளின் மெல்லிய உறை வழியாகச் செட்டுக்குள் போய்த் திரும்ப வழி தேடும். அப்படிப் போனால் செட்டுக்குள் இருக்கும் முடி போன்ற இணைப்பு கருகிவிடும். அதன் பிறகு இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ஊளைச் சத்தம் ஸ்பீக்கரில் நிரந்தரமாகக் குடியேறும்.

என் மனதுக்குப் படுவதைச் சொல்கிறேன்: பல்பு எரியாது, காரணம் கறுப்பு ஒயராகத்தான் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த வண்டி நம் தெருவில் ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது உனக்கு நினைவிருக்கும். இஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். டிக்கிக் கம்பளத்தை வெயிலில் காயப்போட்டுத் திரும்ப விரித்தோமே தவிர, அதன் அடியில் ஆம்ப்ளிஃபயரின் எர்த் போல்ட்டை நான் கழற்றிப் பார்க்கவில்லை. அது எனக்கு இப்போது உறுத்துகிறது. அதற்கும் முன்னால், ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் இதைப் பொருத்தியபோதே, அந்தப் பையன் பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே லக்கை, அதாவது ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையத்தை, வைத்து முடுக்கினான். திருகின் மரை வழியாகக் கிடைத்த கொஞ்சம் தொடர்பில்தான் இத்தனை ஆண்டு ஓடியிருக்கிறது. அதன் மேல் வெள்ளத் தண்ணீரும் சென்னையின் உப்புக் காற்றும் சேர்ந்தால், என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கிருந்தே பார்க்க முடிகிறது.

ஆகவே டிக்கிக் கம்பளத்தின் வலது ஓரத்தைத் தூக்கு. சக்கரக் குழிவுக்குப் பக்கத்தில் கறுப்பு ஒயர் முடியும் இடத்தில் ஒரு போல்ட் இருக்கும். அதைத் தொடுவதற்கு முன் ஒரு அளவு எடு. பல்பை ஆம்ப்ளிஃபயரில் மாட்டியபடியே வைத்துக்கொண்டு, மீட்டரின் சிவப்பு முனையை 'ஜி.என்.டி.' திருகிலும், கறுப்பு முனையை நான் அனுப்பும் 5 மீட்டர் ஒயர் வழியாகப் பேட்டரி மைனஸ்ஸிலும் வை. எர்த் நன்றாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்குள் காட்டும். 3, 6, 11 என்று வோல்ட் கணக்கில் காட்டினால், பல்புக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தை அந்தத் துருதான் தின்றுகொண்டிருக்கிறது. இதை இரண்டாவது எண்ணாக எழுதிக்கொள்.

பிறகு பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றிவிட்டு அந்த போல்ட்டைக் கழற்று. லக்கின் அடியில் காப்பிப் பொடி போலச் சிவந்த துரு உதிரும். ஒயரின் முனையில் பச்சைப் பூசணம் போலப் படிந்திருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதிய லக் போடு. தகட்டில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு எமரி பேப்பரால் தேய். சாம்பல் நிறம் போதாது. வெள்ளி போல மின்ன வேண்டும். நட்சத்திர வாஷரை வைத்து, லக் விரலால் அசைக்க முடியாதபடி முடுக்கு. எல்லாம் முடிந்த பிறகு மேலே கிரீஸ் தடவு. முடுக்கும் முன் தடவாதே. பக்கத்தில் சீட் பெல்ட் போல்ட் வசதியாகத் தெரியும், அதை எர்த்துக்கு எடுக்காதே. உயிரைப் பிடித்து வைக்கும் போல்ட் அது.

பல்பு பளிச்சென்று எரிந்தும் ஆம்ப்ளிஃபயர் எழவில்லை என்றால், அதன் மேலேயே சொருகியிருக்கும் இரண்டு 25 ஆம்பியர் ஃபியூஸ்களைப் பார். அவையும் சரி என்றால் மிச்சம் இருப்பது நீல ஒயர். செட்டைப் போட்டுவிட்டு, அந்த ஒயர் வந்து சேரும் 'ரெம்' என்ற திருகில் அள. 12 இல்லை என்றால், ஒரு சாண் ஒயரால் '12 வோல்ட் பிளஸ்' திருகையும் 'ரெம்' திருகையும் ஒரு கணம் இணைத்துப் பார். முனை நழுவி ஜி.என்.டி. மீது படாமல் கவனமாக இரு. பச்சை விளக்கு வந்தால் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றுமில்லை. செட்டின் பின்னால்தான் இணைப்பு விட்டிருக்கிறது. நீ போட்ட சாண் ஒயரை அப்படியே விட்டுவிட்டுப் போகாதே, காலையில் வண்டி கிளம்பாது.

மூன்றும் சரியாக இருந்து, அப்போதும் விளக்கு வரவில்லை என்றால் மட்டும் அது உள்ளே போயிருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன். பெரும்பாலும் 12 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பகுதியில் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சுகள் ஷார்ட் ஆகியிருக்கும். அப்போது நான்கு திருகைக் கழற்றி எனக்கு அனுப்பிவிடு. ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போய், எனக்குப் பழக்கமான ஒருவரிடம் கொடுத்து, பக்கத்திலேயே நின்று பார்த்து வாங்கி வருகிறேன்.

மீட்டர், பல்பு, 5 மீட்டர் ஒயர், இரண்டு 60 ஆம்பியர் ஃபியூஸ், எமரி பேப்பர், லக், வாஷர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு நாளை கூரியரில் கொடுக்கிறேன். அம்மா பருப்புப் பொடி டப்பாவையும் அதிலேயே வைத்துவிட்டாள். மீட்டருக்கும் அதற்கும் நடுவில் பழைய துண்டைச் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. அடுத்த ஞாயிறு வெயில் ஏறுவதற்கு முன் தொடங்கு. எர்த் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைச் சொல்ல என்னைக் கூப்பிடு. நான் தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா