புதுக்கோட்டை என்றொரு தொகுதி இருந்தது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். நேற்று போனில் நீ கேட்டதற்கு ரெண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அதுதான் மனசில் ஓடியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கப் போனால் நம்ம ஊருக்குச் சிவகங்கைத் தொகுதி என்று வருகிறதே, தப்பாக வந்திருக்கிறதா என்று கேட்டாய். தப்பு இல்லை ஆத்தா. நம் ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டம்தான், ஆனால் எம்.பி. தொகுதி சிவகங்கை. புதுக்கோட்டை என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதியே இப்போது கிடையாது. 2004-ல் நடந்ததுதான் அதன் கடைசித் தேர்தல். 2009-ல் நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய், ஓட்டுப் போட ஊருக்கு வரவில்லை. அதனால் உனக்குத் தெரியாமலே போய்விட்டது.

உன் தாத்தா முதல் ஓட்டை 1952-ல் போட்டார். அதற்கு நாலு வருஷம் முன்னால் வரைக்கும் இது தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச் 3-ஆம் தேதி ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தார். நம்மைத் திருச்சி ஜில்லாவில் இணைத்தார்கள். ராஜாவின் குடியாகப் பிறந்த ஒரு சம்சாரி, டெல்லிக்கு யார் போவது என்று சொல்லப் போனார் என்றால் அந்த நாள் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! சாகும்வரைக்கும் அதைச் சொல்வார். அப்போது சீட்டில் முத்திரை குத்துவதெல்லாம் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். தாத்தா குடிசைப் படம் ஒட்டிய பெட்டியில் போட்டார். அது கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சின்னம். அந்தக் கட்சி வேட்பாளர் வல்லத்தரசுதான் ஜெயித்தார். நாடே காங்கிரஸ் பக்கம் சாய்ந்திருந்த தேர்தலில் நம் மக்கள் வேறொருவரை அனுப்பினார்கள் என்பதில் தாத்தாவுக்கு அவ்வளவு பெருமை.

1957-ல் காங்கிரஸ் ஜெயித்தது. 1962-லும் 1967-லும் கம்யூனிஸ்டான உமாநாத் ஜெயித்தார். ராஜா ஆண்ட மண்ணில் பதினாலே வருஷத்தில் செங்கொடி. அதற்கப்புறம் தி.மு.க., அ.தி.மு.க., மறுபடி காங்கிரஸ் என்று மாறி மாறி வந்தார்கள். 1952-லிருந்து 2004 வரைக்கும் மொத்தம் 14 பொதுத்தேர்தல். யாருக்கும் இது எழுதிக்கொடுத்த தொகுதியாக இருந்ததில்லை.

என் கதைக்கு வருகிறேன். நான் முதலில் ஓட்டுப் போட்டது 1984 டிசம்பரில். அப்போது 21 வயசு ஆனால்தான் ஓட்டு. இந்திரா காந்தி இறந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று ரெண்டு சீட்டு கொடுத்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்னபோது கட்டை விரலை நீட்டினேன். 1989-லும் விரல்தான். 1991-லும் விரல்தான். மையைத் தலையில் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன். உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருமுறை போனேன், உனக்கு ரெண்டு வயசு.

1991-ல் தேர்தல் முடிந்த கையோடு நம் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா அப்போது கலெக்டர். சாயங்காலம் வயல் வேலை முடித்து, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து என் பேரை எழுதப் படித்தேன். படிப்போடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளில் பழகினோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்குவாரிப் பெண்களும் நாற்று நடுகிற பெண்களும் சாரை சாரையாகப் போனதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. நீ முன்னால் பாரில் உட்கார்ந்து வருவாய், ஞாபகம் இருக்கிறதா?

1996 தேர்தலுக்கு நான் சைக்கிளில் போனேன். மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள். பேனா கொடுங்கள் என்றேன். மூணு எழுத்துப் பேரை எழுத எனக்கு வெகுநேரம் பிடித்தது, பின்னால் வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதிக்கு நான் கையெழுத்துப் போட்டு ஓட்டளித்தது நாலே தடவை: 1996, 1998, 1999, 2004. கடைசித் தடவை எல்லா ஊரிலும் மெஷின், பட்டனை அழுத்திவிட்டு வந்தேன். அதுதான் கடைசி என்று தெரியாது.

அப்புறம் தொகுதி மறுசீரமைப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம். 2001 கணக்கெடுப்பை வைத்து எல்லைகளைத் திருத்தினார்கள், 2008-ல் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டின் 39 என்ற எண்ணிக்கை மாறவில்லை. உள்ளே கோடுகள்தான் மாறின. சிவகாசி போய் விருதுநகர் வந்தது, பெரியகுளம் போய்த் தேனி வந்தது, திருச்செந்தூர் போய்த் தூத்துக்குடி வந்தது. அங்கெல்லாம் ஒரு பேர் போனாலும் பக்கத்திலேயே மாவட்டத்தின் பேர் வந்து உட்கார்ந்தது. நமக்கு மட்டும் மாவட்டத்தின் பேரே போயிற்று.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார். 2001-ல் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 6 கோடியே 24 லட்சம். 39-ஆல் வகுத்தால் தொகுதிக்கு 16 லட்சம் பேர். புதுக்கோட்டை மாவட்டத்தில் 14 லட்சத்து 59 ஆயிரம் பேர். ஒரு எம்.பி. தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி. நம் மாவட்டத்தில் இருப்பதும் சரியாக ஆறு. அந்த ஆறையும் சேர்த்து ஒரே தொகுதியாக வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு துண்டாகப் போனது. புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சியில். திருமயமும் நம் ஆலங்குடியும் சிவகங்கையில். அறந்தாங்கி ராமநாதபுரத்தில். விராலிமலை கரூரில். உன் மாமா, பெரியம்மா, சின்ன அத்தை எல்லாரும் தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்தால் திண்ணையில் நாலு எம்.பி. தொகுதி உட்கார்ந்திருக்கும்.

வெறும் பேருக்காகவா வருத்தப்படுகிறாய் என்று உன் அப்பா கேட்கிறார். பேருக்காக மட்டும் இல்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். நம் கொல்லையில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் போட்டோவில் பார்த்து நீ அழுதாய். அன்றைக்கு மாமா அறந்தாங்கியில் ஒரு பக்கம் மனு எழுதினான், நாங்கள் ஒரு பக்கம், டவுன்காரர்கள் இன்னொரு பக்கம். அடித்தது ஒரே காற்று. பிழைப்பும் ஒன்றுதான். ஆனால் மொத்த மாவட்டத்துக்கும் என்று டெல்லியில் எழுந்து நின்று சொல்ல ஒரே ஆள் இல்லை. திருச்சிக்கோ சிவகங்கைக்கோ நாம் ஓரம். கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் டவுன் பஸ் ஏறி, முன்பு ராஜாவின் அரண்மனையாக இருந்த கலெக்டர் ஆபீசுக்குப் போய்விடலாம். எம்.பி.யைத் தேடிக் காரைக்குடியைத் தாண்டிப் போக வேண்டும்.

2009-ல் இந்தக் கோபத்தில் டவுனில் பலர் 49-ஓ போடச் சொன்னார்கள். யாருக்கும் ஓட்டு இல்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வருவது. அவர்கள் கோபம் நியாயம்தான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கற்ற கையெழுத்தை, வேண்டாம் என்று சொல்வதற்குப் போட முடியவில்லை. சிவகங்கைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். உன் தாத்தா அன்றைக்குத் திண்ணையில் பேசாமலே உட்கார்ந்திருந்தார்.

நாடு முழுக்கத் தொகுதிகளின் எண்ணிக்கையைத் தொடக்கூடாது என்று 84-வது சட்டத் திருத்தத்தில் ஒரு கெடு வைத்தார்கள்: 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரைக்கும். இப்போது எல்லாரும் தமிழ்நாட்டின் 39 குறையுமா என்று பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் மறுபடி பென்சிலை எடுக்கும்போது எங்கள் ஆறையும் ஒன்றாகச் சேர்த்துப் புதுக்கோட்டை என்று எழுதுங்கள் என்று யாராவது கேட்க வேண்டும். ஊரில் மனு எழுதினால் முதல் கையெழுத்து நான் போடுவேன். உன் பேர் பட்டியலில் ஏறிவிட்டால் நீயும் போடலாம்.

சரி, விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதே. சட்டமன்றத் தொகுதி ஆலங்குடி என்று போடு, அது இன்னும் இருக்கிறது. நாடாளுமன்றத் தொகுதி கேட்டால் சிவகங்கை என்றே போடு. ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டுமாம். தேர்தல் தேதி சொன்னதும் திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிடு, அப்பா வந்து கூட்டிவருவார்.

அன்புடன்,
அம்மா