சராசரியின் பொருளையும் கேளுங்கள்: கணித வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கணிதப் பாடநூல் குழுவினருக்கும், வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் தயாரிக்கும் பெருமக்களுக்கும் வணக்கம்.

கடந்த தேர்வில் நீங்கள் கேட்ட ஐந்து மதிப்பெண் வினா உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்து எண்களின் கூட்டுச் சராசரி 18. ஓர் எண்ணை நீக்கியபின் மற்றவற்றின் சராசரி 16. நீக்கப்பட்ட எண் எது? விடைக்குறிப்பு காட்டும் வழி எல்லோரும் அறிந்ததே. ஐந்தைப் பதினெட்டால் பெருக்கினால் 90, நான்கைப் பதினாறால் பெருக்கினால் 64, கழித்தால் 26. சூத்திரத்துக்கு இரண்டு, பிரதியிடலுக்கு இரண்டு, விடைக்கு ஒன்று என மதிப்பெண்ணையும் பங்கிட்டிருந்தீர்கள்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி வேறு வழியில் போனாள். அவள் எழுதியது மூன்றே வரி: "மீதி நான்கு எண்களும் 18-க்குச் சராசரியாக 2 குறைவு, மொத்தம் 8 குறைவு. அந்த 8 நீக்கப்பட்ட எண்ணிடம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். ஆகவே அது 18 + 8 = 26." திருத்தியவர் விடைக்கு மட்டும் ஒரு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் "சூத்திரம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விடைக்குறிப்பைத் தாண்டி மதிப்பெண் போட அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த மூன்று வரியில் இருப்பதுதான் கூட்டுச் சராசரியின் உயிர்நாடி. சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த விலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் பூச்சியமே வரும். மேலே மிஞ்சுவதும் கீழே குறைவதும் சரிக்குச் சரி. உங்கள் புத்தகத்தில் உள்ள ஊகச் சராசரி முறைக்கும் அடிப்படை இதுவே. 102, 98, 105, 97, 103 ஆகியவற்றின் சராசரி வேண்டுமா? 100 என்று ஊகித்துக்கொள்கிறோம். 100-இலிருந்து விலக்கங்கள் 2, −2, 5, −3, 3, அவற்றின் கூடுதல் பூச்சியமாக இல்லாமல் 5, ஐந்தால் வகுத்தால் 1, அதை 100-உடன் கூட்டினால் சராசரி 101. அந்த மாணவியும் இந்தச் சிந்தனையைத்தான் தன் சொந்த வாக்கியத்தில் எழுதினாள். குறியீடு போட்டு எழுதினால் ஐந்து மதிப்பெண், புரிந்துகொண்டு எழுதினால் ஒன்று என்பது எந்த நியாயத்தில் சேரும்?

போன மதிப்பெண்ணைவிட அதற்குப் பின் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. "விடை சரிதானே ஐயா, பிறகு எது தவறு?" என்று கேட்டாள். தேர்வு முறை அப்படி என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அடுத்த தேர்வில் அவள் சூத்திரத்தை முதல் வரியில் எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தாள். கொடுத்த எண்கள் எல்லாமே 40-க்குக் கீழே. கூட்டலில் எங்கோ ஓர் இலக்கம் பிசகி, அவளுக்குக் கிடைத்த சராசரி 74. எண்களிலேயே பெரியதைச் சராசரி தாண்ட முடியாது என்பது முன்பு அவளுக்கு எளிதில் தெரிந்திருக்கும். இப்போது அவள் கண்ணில் அது படவே இல்லை. சூத்திரம் சரி, பிரதியிடலும் சரி என்று நான்கு மதிப்பெண் கிடைத்தது. ஐயா, அம்மா, இந்த இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 26 என்ற சரியான விடைக்கு ஒன்று. நடக்கவே முடியாத 74-க்கு நான்கு.

சூத்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூத்திரத்தைக் கேட்கும் அளவுக்குப் பொருளையும் கேளுங்கள் என்கிறேன்.

பொருளைக் கேட்காததன் விளைவு பள்ளியோடு முடிந்துவிடுவதில்லை. முப்பது பேர் உள்ள ஒரு பிரிவின் சராசரி 60, பத்துப் பேர் உள்ள மற்றொரு பிரிவின் சராசரி 80, இரண்டுக்கும் சேர்த்து எவ்வளவு என்று படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலரும் யோசிக்காமல் 70 என்பார்கள். மொத்தம் 2600-ஐ நாற்பதால் வகுத்தால் 65 தான் வரும். சராசரிகளுக்குச் சராசரி எடுக்கும் இந்தப் பிழை அலுவலக அறிக்கைகளிலும் நுழைந்துவிடுகிறது. ஒன்பது பேருக்கு மாதச் சம்பளம் 20,000, பத்தாமவருக்கு 3,20,000 என்றால் சராசரிச் சம்பளம் 50,000. அந்த 50,000-ஐ வாங்குபவர் அங்கே ஒருவர்கூட இல்லை. இப்படிப்பட்ட இடத்தில், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவான 20,000 தான் உண்மைக்கு நெருக்கம் என்று சொல்லத் தெரியாத பிள்ளையிடம், சராசரி, இடைநிலை, முகடு என்ற மூன்று அளவைகளின் வரையறையையும் மனப்பாடமாகக் கேட்டு என்ன பயன்? சம்பளம், விலைவாசி, மழையளவு என்று எதை எடுத்தாலும் சராசரியாகத்தான் நாளிதழில் வருகிறது. அதைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கத் தெரியாதவர்களை ஆண்டுதோறும் நாம் தேர்ச்சி பெறச் செய்து அனுப்புகிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

சராசரி எங்கிருந்து வந்தது என்பதற்கும் புத்தகத்தில் இரண்டு வரி இடம் கொடுக்கலாம். வானியலில் கவனமாக எடுத்த ஒரே ஓர் அளவீடு போதும் என்று கருதியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். பல அளவீடுகளின் சராசரி அதைவிட மேலானது என்று 1755-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் தாமஸ் சிம்ப்சன், லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவருக்கு மடல் எழுதி, கணித வழியில் வாதாடினார். சில அளவீடுகள் உண்மை மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கும், சில குறைவாக இருக்கும். சேர்க்கும்போது பிழைகள் பெருமளவு ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். 1809-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் அளவீட்டுப் பிழைகளின் பரவலை ஆராய்ந்தபோதும், சராசரியே ஏற்கத்தக்க மதிப்பு என்பதிலிருந்துதான் தொடங்கினார். இந்தக் கதை தெரிந்த பிள்ளைக்கு "கூட்டி வகு" என்பது ஏன் என்றும் விளங்கும்.

எண்களைப் பிரிவு பிரிவாகத் தொகுத்துத் தரும் விவரங்களுக்கான பாடத்திலும் ஒரு குறை. பிரிவு இடைவெளி 10–20 என்றால் அதிலுள்ள அத்தனை எண்களுக்கும் நடுப்புள்ளியான 15-ஐ வைத்துக் கணக்கிடச் சொல்கிறோம். ஆகவே கிடைக்கும் சராசரி ஒரு மதிப்பீடுதான். புத்தகம் அதைச் சொல்வதில்லை. பிள்ளைகளோ அதை இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாக எழுதுகிறார்கள். ஒரு வரி சேர்த்தால் போதும்.

என் வேண்டுகோளைத் திரும்பவும் பணிவுடன் வைக்கிறேன். சரியான காரணத்தோடு எந்த வழியில் விடை கண்டாலும் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் எழுதுங்கள். சாத்தியமே இல்லாத விடைக்குப் படிநிலை மதிப்பெண்ணை அள்ளித் தர வேண்டாம். ஒவ்வொரு வினாத்தாளிலும் கணக்கிடாமல் விளக்க மட்டும் ஒரு வினா வையுங்கள். "எண்களில் ஒன்று பூச்சியம் என்றால் வகுக்கும்போது அதையும் எண்ண வேண்டுமா, ஏன்?" என்பதுபோல ஒன்று போதும். அடுத்த தேர்வுக்கான விடைக்குறிப்பு அச்சாகும் முன்பே இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதிரி வினாக்கள் தேவையென்றால் எழுதித் தர நானும் என் உடன் பணிபுரியும் ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்