காளான் ஆய்வு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே,

ஐப்பசி மழையோடு தொடங்கி மார்கழியில் ஓயும் எமது சேகரிப்புக் காலம் இம்முறையும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களிலும் பனங்கூடல்களிலும் கழிந்தது. சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, வித்திப் பதிவு (விதை போன்ற நுண்துகள்களான வித்திகள் தொப்பியிலிருந்து உதிர்ந்து படியும் நிறப் படிவு) இல்லாத எந்த மாதிரிக்கும் பதிவிலக்கம் வழங்கப்படவில்லை. விதி கடுமையானதுதான், ஆனாலும் தளர்த்தக் கூடாது என்பதே எனது உறுதியான கருத்து.

காரணம் எமது வளவுகளிலேயே முளைக்கிறது. மழைக்குப் பின் புற்றரைகளில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு வெள்ளையாக விரியும் குளோரோபில்லம் மொலிப்டைட்டெஸ் என்ற காளான் நஞ்சுள்ளது. உண்டால் சில மணித்தியாலங்களில் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் வரும். இளம் பருவத்தில் அதன் செவுள்களும் (தொப்பியின் அடியிலுள்ள மெல்லிய தகடுகள்) வெள்ளை, தண்டில் வளையமும் உண்டு. ஆகவே உண்ணத்தக்க சில இனங்களிலிருந்து கண்ணால் மட்டும் பிரிக்க இயலாது. அதன் வித்திகளோ பச்சை. கறையான் புற்றில் முளைக்கும் தெர்மிற்றோமைசெஸ் காளானின் வித்திகள் இளஞ்சிவப்பு. வித்தி வெள்ளை என்பதால் உண்ணலாம் என்றும் ஆகாது. கொல்லும் அமனிற்றாக் காளான்களின் வித்தியும் வெள்ளைதான். உண்ணத்தக்கது என்று எமது வட்டம் எவருக்கும் சொல்வதில்லை.

பதிவெடுக்க, நன்கு விரிந்த தொப்பியின் தண்டை ஒட்ட வெட்டி, செவுள் கீழ்நோக்கக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மேலே ஒரு துளி நீர் விட்டுக் கிண்ணத்தால் மூடி 6 முதல் 12 மணித்தியாலம் விடவும். கண்ணாடியானால் கீழே கறுப்புத் தாளையும் வெள்ளைத் தாளையும் மாற்றி வைத்துப் பார்க்கலாம். விரியாத மொட்டு வித்தி உதிர்க்காது. மழையில் ஊறிய தொப்பியின் பதிவு கரைந்து கலங்கும். மெல்லிய படிவில் பச்சை தெரியாமல் வெள்ளையென்று ஏமாற்றும். தடிப்பாகப் படியும்வரை பொறுக்க வேண்டும்.

மாதிரிகளைப் பொலித்தீன் பையில் கொண்டுவருவதை அங்கத்தவர்கள் அறவே விட வேண்டும். உள்ளே வியர்த்து மாலைக்குள் அழுகிவிடும். தனித்தனியே தாளில் சுற்றிப் பனையோலைப் பெட்டியில் அடுக்குவதே நல்லது. தெர்மிற்றோமைசெஸைப் பிடுங்கினால் புற்றுக்குள் இறங்கும் வேர் போன்ற பகுதி அறுந்துபோகும். பக்கவாட்டில் தோண்டி எடுக்கவும். உலர்த்துவது 40 முதல் 45 பாகை செல்சியஸில். அதற்கு மேல் இழையம் வெந்துவிடும், குறைந்தால் புழுவும் பூஞ்சணமும் முந்திவிடும். மொறுக்கென்று முறியும் பதத்தில் சிலிக்கா ஜெல்லோடு உடனே மூடாவிட்டால், கார்த்திகைக் காற்றின் ஈரத்தை அது திரும்பவும் இழுத்துக்கொள்ளும்.

நுணுக்குக்காட்டியில் வித்திகளின் நிறமாற்றத்தைப் பார்க்க உதவும் மெல்சர் கரைசலின் அளவுகளைப் பலர் கேட்டிருந்தீர்கள்: அயடீன் 0.5 கிராம், பொற்றாசியம் அயடைட்டு 1.5 கிராம், குளோரல் ஐதரேற்று 22 கிராம், நீர் 20 மில்லிலீற்றர். இது நஞ்சு, பூட்டிய அலுமாரியிலேயே இருக்க வேண்டும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் ஊறிய காளான் துண்டைக் கழுவாமல் இதில் இட்டால் கலங்கிவிடும். அளவெடுக்கும் வித்திகள் பதிவிலிருந்தே வர வேண்டும், குறைந்தது 20. செவுளிலிருந்து எடுத்தால் முதிராதவையும் கலந்து சராசரியைக் குறைக்கும்.

பெயரிடலில் அவசரம் வேண்டாம். இலங்கைக் காளான்களுக்கு 1905 இல் பேராதனைக்கு வந்த பங்கசு ஆய்வாளர் தோமஸ் பெச்சின் பணியும், 1986 இல் வெளிவந்த, ஆய்வாளர் பெக்லரின் இலங்கைக் காளான் தொகுப்பும் இன்றும் அடிப்படை. ஆயினும் பெயர்கள் மாறியுள்ளன. மைத்தொப்பிக் காளான்களைக் கொண்ட கொப்பிரினஸ் என்ற ஒரே சாதி (நெருங்கிய இனங்களின் தொகுதி) 2001 இல் நான்காகப் பிரிக்கப்பட்டது. ஐயமுள்ள மாதிரியைச் சாதிப் பெயரோடு நிறுத்துவதே நேர்மை. 2012 முதல் பங்கசுக்களுக்குப் பொது அடையாளமாக ஏற்கப்பட்ட ஐ.ரீ.எஸ். டி.என்.ஏ. பகுதியை வாசிப்பிக்க வழி கிடைக்கும் நாளுக்காக, ஒவ்வொரு மாதிரியிலும் சிறு துண்டைச் சிலிக்கா ஜெல்லில் தனியே வைத்து வருகிறோம்.

வரும் ஆண்டுக்கு ஒரு முன்மொழிவு: நெடுந்தீவுக் குதிரைகளின் சாணத்தில் வளரும் பங்கசுக்களை ஆராய்தல். புதிய சாணத்தை ஈர ஒற்றுத்தாளிட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் வெளிச்சம் படும்படி வைத்தால், முதல் வாரத்தில் பைலோபோலசு என்ற நுண்பங்கசும் பின்னர் கிண்ணப் பங்கசுக்களும் கடைசியில் மைத்தொப்பிக் காளான்களும் வரிசையாக எழும். மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால் கோடையிலும் செய்யலாம். இதற்கும், நுணுக்குக்காட்டியில் வித்தியின் அளவைக் கணிக்க அளவுத்தகடு ஒன்று வாங்கவும் பொதுச்சபையின் அங்கீகாரத்தை வேண்டுகிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்